இறங்கித் தள்ளுதல் இழுக்கன்று

மலைச்சாலையில் மிதிவண்டியை விட்டிறங்கித் தள்ளிச் செல்பவரைக் கண்டால், அவரால் இயலவில்லை என்றே பலரும் எண்ணுவர். தள்ளிச் செல்பவரும் அவ்வாறே எண்ணி நாணுவதுண்டு. அந்நாணம் தேவையற்றது மட்டுமன்று. தீங்கு பயப்பதும் ஆகும். நெடுந்தொலைவு மிதிவண்டிப் பயணத்தில் மலையை எதிர்கொள்ளும் ஒரு நாளை எண்ணிப் பார்த்தால் இவ்வுண்மை விளங்கும்.

உயரமே அளவுகோல்

சமவெளியில் பல நாள்கள் மிதித்து வந்த ஒருவர், மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் வழியாக உதகமண்டலம் செல்வதாகக் கொள்வோம். தொலைவு ஏறத்தாழ 50 கிலோமீட்டர். சமவெளியில் அது மூன்று மணி நேரப் பயணமே. ஆனால், மேட்டுப்பாளையம் கடல் மட்டத்திலிருந்து 300 மீட்டருக்குச் சற்று மேலே உள்ளது. உதகையோ 2,200 மீட்டரையும் கடந்து நிற்கிறது. இடைப்பட்ட ஏறத்தாழ 1,900 மீட்டர் உயரத்திற்குத் தம் உடலையும் வண்டியையும் சுமையையும் அவர் தம் கால்களின் வலிமையாலேயே கொண்டுசெல்ல வேண்டும். எனவே, மூன்று மணி நேரப் பயணம் ஒரு முழுநாள் உழைப்பாகிறது.

கல்லாற்றை அடுத்த காடு யானைகள் கடக்கும் வழித்தடமாதலின், பொழுது நன்கு புலர்ந்த பின்னரே புறப்படுதல் வேண்டும். கொண்டை ஊசி வளைவுகள் தொடங்கியதும் வண்டியின் வேகம் நடைவேகத்தை நெருங்கிவிடுகிறது. முன்புறம் சிறிய பற்சக்கரம், பின்புறம் பெரிய பற்சக்கரம் என மாற்றிக்கொண்டால் மிதிப்பது எளிதாகும். ஆனால், ஒவ்வொரு மிதிக்கும் வண்டி நகரும் தொலைவு குறையும். எளிமையை வேண்டுவோர் விரைவை விட்டுக்கொடுக்க வேண்டும் என்பதே இயற்பியல் விதி.

மலை இரயில் காட்டும் வழி

அதே மலையில் ஏறும் நீலகிரி மலை இரயிலும் இவ்விதிக்குக் கட்டுப்பட்டதே. கல்லாறு முதல் குன்னூர் வரை இரு தண்டவாளங்களுக்கு நடுவே பற்கள் கொண்ட சட்டம் பதிக்கப்பட்டுள்ளது. எஞ்சினின் பற்சக்கரம் அதனைப் பற்றிப் பற்றி ஏறுகிறது. 46 கிலோமீட்டரைக் கடக்க அவ்விரயில் ஐந்து மணி நேர அளவு எடுத்துக்கொள்கிறது. அதனை ஆற்றலற்றது என எவரும் இகழ்வதில்லை. 2005ஆம் ஆண்டு யுனெஸ்கோ அதனை உலகப் பாரம்பரியச் சின்னமாக ஏற்றுப் பெருமைப்படுத்தியது. இரயிலுக்குப் பெருமையாகும் நிதானம் மனிதருக்கு மட்டும் எவ்வாறு இழுக்காகும்?

நிதானம் தரும் பயன்களும் உள. பர்லியாற்றின் மங்குஸ்தான் தோப்புகள் பின்தங்கத் தேயிலைச் சரிவுகள் தோன்றுகின்றன. ஒவ்வோர் 1,000 மீட்டர் ஏற்றத்திற்கும் வெப்பம் ஏறத்தாழ 6 டிகிரி குறைகிறது. நூலில் படித்த இச்செய்தியை மிதிவண்டிப் பயணி தம் தோலில் உணர்கிறார். கண்ணாடிகளை ஏற்றிவிட்டு விரையும் மகிழுந்தில் அமர்ந்திருப்பவர் உணர்வதில்லை.

நாணம் விளைக்கும் தீங்கு

இடப்புறம் திரும்பும் கொண்டை ஊசி வளைவின் உட்புறம் செங்குத்து மிகுந்தது. அங்கு இறங்க நாணி விடாப்பிடியாக மிதித்தால் வண்டி தள்ளாடும். பின்வரும் பேருந்தின் குறுக்கே சாயவும் கூடும். மறுநாள் இறக்கத்திலும் இதே நிலைதான். தம் அளவை ஏற்றத்தில் அறியாதவர் இறக்கத்தில் பிரேக்கின் அளவையும் அறியார். அவ்வறியாமைக்கு உயிரே விலையாகலாம். வலியறிதலுக்கெனத் திருக்குறள் தனி அதிகாரம் வகுத்திருப்பது அரசர்க்கு மட்டும் உரியதன்று.

விரைவு வேண்டாவா எனச் சிலர் வினவலாம். நோயாளியைச் சுமந்து வரும் ஊர்திக்கும், காய்கறி ஏற்றி வரும் சரக்குந்துக்கும் விரைவு வேண்டும். அவற்றுக்கு ஒதுங்கி வழிவிடுவது மிதிவண்டிப் பயணியின் கடமை. ஆயினும், சாலை விரைவோர்க்கு மட்டும் உரியதன்று. இரு வண்டிகள் விலக இடமில்லாத மலைச்சாலையில், இறங்கும் வண்டி நின்று ஏறும் வண்டிக்கு வழிவிட வேண்டும் என்கிறது நம் நாட்டுப் போக்குவரத்து விதி. உழைத்து ஏறுவோர்க்கே முதல் வழி என்னும் அறம் அவ்விதியில் அடங்கியுள்ளது.

பதினோராம் வகுப்பு மாணவர்க்கு அரசு வழங்கும் விலையில்லா மிதிவண்டியில் மாற்றுப் பற்சக்கரங்கள் இல்லை. மலையூர் மாணவர் பலர்க்கு ஏற்றம் நாள்தோறும் எதிர்ப்படுவது. அங்கு இறங்கித் தள்ளும் மாணவரைக் கண்டு நகைப்பவர், மலையையும் அறியார். மனிதரின் வலிமையையும் அறியார். தள்ளிச் சென்றவரும் உச்சியைச் சேர்கிறார். அவர் கடந்த உயரத்தில் ஒரு மீட்டரும் குறைவதில்லை.