புதுசா, பாவிச்சதா? மீற்றர் இல்லாத ஒரு வண்டியைப் பற்றி

மெல்பேர்னிலும் சிட்னியிலும் இருக்கிற எங்கட வயதுக்காரரோடு கதைக்கும்போது அண்மைக்காலமாக ஒரு கேள்வி அடிக்கடி வருகிறது. "மச்சான், கம்பர் ட்ரெய்லர் ஒன்று எடுக்கப்போறம். புதுசு எடுக்கிறதோ, செக்கண்ட் ஹாண்ட் எடுக்கிறதோ?" எங்கள் குழுவிலேயே இரண்டு பேர் அங்கே இருப்பதால் இந்தக் கதை எங்கள் வட்ஸ்அப் குழுவில் ஒரு மாதம் ஓடியது. பலதும் கதைத்த பிறகு நாங்கள் வந்து நிற்கிற இடம் இதுதான்: காசு மட்டாக இருந்தால், மலிவான புதுசை விட ஒழுங்காகச் செய்யப்பட்ட பழசு மேல். ஆனால் அந்தப் பழசின் அடியில் முதுகு மண்ணில் படப் படுத்து, ரோச் லைற் அடித்துப் பார்க்கத் தயாராக இருக்கிறவருக்கு மட்டும்தான் இது பொருந்தும்.

ஊரில் இருந்து வாசிக்கிறவர்களுக்கு முதலில் இந்த வண்டி என்னவென்று சொல்லவேண்டும். நாங்கள் ஒரு ட்ரிப் போவதென்றால் ஒரு வான் பிடிப்போம், சமைக்கச் சட்டிபானை ஏற்றுவோம், இரவுக்கு யாரோ ஒருவரின் மாமா வீடு இருக்கும். படுக்கையை வாகனத்துக்குப் பின்னால் கட்டி இழுத்துக்கொண்டு போகிற தேவை இலங்கையில் யாருக்கும் வந்ததில்லை. அவுஸ்திரேலியாவின் உள்நாடு அப்படியல்ல. மேற்கு அவுஸ்திரேலியாவின் கிம்பர்லிப் பகுதியில் ஓடும் கிப் ரிவர் றோட்டின் நீளம் ஏறத்தாழ 660 கிலோமீற்றர். யாழ்ப்பாணத்தில் இருந்து கொழும்புக்குப் போய் அரைவாசித் தூரம் திரும்பி வந்தாலும் அந்தளவு வராது. அதில் பெரும்பகுதி மண் றோட்டு. மழைக்காலத்தில் மூடிவிடுவார்கள். இடையில் கடை என்று சொல்ல ஒன்றிரண்டு இடம்தான். அப்படியான இடங்களுக்காகச் செய்யப்பட்ட இரண்டு சில்லுப் பெட்டிதான் ஓஃப்-றோட் கம்பர் ட்ரெய்லர். ஃபோர்வீல் வாகனத்தின் பின்னால் கொழுவி இழுத்துப்போய், இடம் கண்டதும் விரித்தால் மெத்தையோடு ஒரு கன்வஸ் கூடாரம். பக்கத்தால் இழுத்தால் அடுப்பு. அடியில் தண்ணீர்த் தாங்கி, உள்ளே பற்றரி. கரவன் போல உள்ளே நின்று திரிகிற வீடு அல்ல இது, அதனால் பாரமும் விலையும் குறைவு.

புதுசு மேல் எங்கட ஆக்களுக்கு இருக்கிற ஆசை விளங்காததல்ல. வாகனம் என்றால் கோயிலடியில் நிறுத்தி, சில்லுக்குத் தேசிக்காய் வைத்து, தேங்காய் உடைத்து, படம் எடுத்து ஊருக்கு அனுப்புகிற சனம் நாங்கள். படிக்க வந்து, இரவு வேலை செய்து, பிஆர் எடுத்து, கடைசியாகத் தனக்கென்று ஒன்று வாங்குகிறவனுக்கு இன்னொருவன் படுத்து எழும்பின மெத்தையைக் காட்டினால் மனம் ஒப்பாது. ஆனால் அந்தப் புதுசு அநேகமாகக் கடனில் வருகிறது. வருடத்தில் மூன்று கிழமை பாவிக்கப்போகிற சாமானுக்கு ஐந்து வருடத் தவணை. அதே கணக்கில் இருந்துதான் ஊரில் தங்கச்சியின் படிப்புக்கும் அம்மாவின் மருந்துக்கும் காசு போகிறது. ஆகவே இதைப் பொழுதுபோக்குச் சாமான் பற்றிய கதை என்று மட்டும் எங்களால் பார்க்க முடியவில்லை.

இன்னொரு பழக்கமும் எங்களோடு சேர்ந்து பிளேன் ஏறுகிறது. இலங்கையில் 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்தினார்கள். தனிப்பட்ட வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் வழி திறந்தது. இடையில் பழைய வாகனங்கள் வாங்கின விலையை விடக் கூட விலைக்கு விற்றதைக் கண்ணால் கண்டவர்கள் நாங்கள். "வாகனம் காசு மாதிரி, வித்தால் வரும்" என்ற எண்ணம் அதிலே இறுகிவிட்டது. கம்பர் ட்ரெய்லருக்கு அந்தக் கணக்கு சரிவராது. கடை முற்றத்தை விட்டு இழுத்துக்கொண்டு வெளியே வந்தவுடனேயே புதுசின் விலை இறங்கத் தொடங்கும். அந்த முதல் இறக்கத்தை இன்னொருவர் தாங்கின பிறகு வாங்குவதில் என்ன வெட்கம்?

சரி, புதுசு என்றால் பிரச்சினையாவது இல்லைத்தானே என்று கேட்பீர்கள். அவுஸ்திரேலியாவின் போட்டி மற்றும் நுகர்வோர் ஆணைக்குழு 2022 இல் புதிய கரவன் விற்பனை பற்றி ஓர் அறிக்கை வெளியிட்டது. அதற்காக எடுத்த கருத்துக்கணிப்பில் 2,270 பேர் பதில் சொன்னார்கள், அவர்களில் 80 வீதமானோர் வாங்கின கரவனில் ஏதோவொரு பிரச்சினை வந்ததாகச் சொல்லியிருந்தார்கள். பிரச்சினைப்பட்டவர்தான் மினக்கெட்டுப் படிவம் நிரப்புவார் என்பது உண்மை, ஆகவே பத்தில் எட்டும் பழுது என்று நாங்கள் வாதாட வரவில்லை. கரவனும் கம்பரும் ஒன்றல்ல என்பதும் சரி. ஆனாலும் "புதுசு, அதனால் நிம்மதி" என்கிற கதையின் காற்றைப் பிடுங்க அந்த ஒரு எண் போதும்.

எங்கள் நண்பர் ஒருவருக்கு நடந்ததும் அதுதான். விளம்பரத்தில் மலைமேல் நிற்கிற படத்தைப் பார்த்து, கடன் எடுத்து, புத்தம்புதுசாக ஒன்று வாங்கினார். முதல் மழையிலேயே கூடாரத்தின் தையலால் தண்ணீர் வடிந்தது. புதுக் கன்வஸை இரண்டு மூன்று தரம் நனைத்துக் காயவிட்டால் நூல் ஊதித் துளையை அடைக்கும் என்று கடைக்காரர் சொன்னார். அது உண்மைதான், எந்தப் புதுக் கன்வஸுக்கும் அப்படிச் செய்யத்தான் வேண்டும். நனைத்தார், காயவிட்டார், திரும்பவும் வடிந்தது. பிறகு கதவு பூட்டுப்படவில்லை. அதற்குப் பிறகு மண் றோட்டில் போய்வந்ததும் ஒரு பக்கத்து சொக் அப்சோபர் கழன்று தொங்கியது. "நீங்கள் அதை எந்த றோட்டிலே கொண்டுபோனீர்கள்?" என்று கடையில் கேட்டார்களாம். ஓஃப்-றோட் என்று பக்கவாட்டில் பெரிய எழுத்தில் ஒட்டி விற்ற வண்டியை!

ஆகவே அந்தச் சொல்லை நம்பவேண்டாம், உத்தரவாதப் பத்திரத்தை வாசியுங்கள். எந்த மாதிரி றோட்டில் ஓடினால் உத்தரவாதம் செல்லாது என்று அதில் சின்ன எழுத்தில் இருக்கும். பக்கத்தில் ஒட்டின ஸ்ரிக்கரும் உள்ளே எழுதின நிபந்தனையும் ஒன்றோடொன்று சண்டை பிடித்தால் அந்தக் கடையை விட்டு வெளியே வாருங்கள்.

இனிப் பாவிச்சதுக்கு வருவோம். ஊரில் ஒரு செக்கண்ட் ஹாண்ட் மோட்டார் சைக்கிள் பார்க்கப் போனால் முதல் வேலையாக மீற்றரைப் பார்ப்போம். மீற்றரைத் திருப்பி வைத்திருப்பார்கள் என்று தெரிந்துகொண்டும் பார்ப்போம், அது ஒரு சடங்கு. ட்ரெய்லரில் மீற்றரே கிடையாது. எத்தனை கிலோமீற்றர் ஓடியது, எப்படியான றோட்டில் ஓடியது என்று சொல்ல ஒரு கருவியும் இல்லை. பத்து வருடம் கொட்டிலுக்குள் நின்றதும் இருக்கும், இரண்டே வருடத்தில் நாட்டைச் சுற்றி வந்ததும் இருக்கும். வருடத்தை மட்டும் பார்த்து விலை பேசுவது விசர் வேலை. வண்டியின் உடம்பைத்தான் வாசிக்கவேண்டும்.

அந்த மண் றோட்டுகள் குண்டும் குழியும் என்று நினைக்காதீர்கள். நெளித் தகரத்தை நிலத்தில் விரித்து அதன்மேல் ஓடுவது போல, குறுக்கே வரி வரியாக நூற்றுக்கணக்கான கிலோமீற்றர். அந்த அதிர்வு ஒரேயடியாக எதையும் உடைக்காது, நாளெல்லாம் ஆட்டி ஆட்டி ஒவ்வொரு ஒட்டிலும் மயிரிழை போல வெடிப்பை வைக்கும். ஆகவே முதலில் பார்க்க வேண்டியது அடிச்சட்டம். வாகனத்தோடு கொழுவுகிற முன்தண்டு பெட்டியோடு சேரும் இடம், ஸ்பிரிங்கைத் தாங்குகிற காதுகள், சொக் பூட்டுகிற இடம், இந்த மூன்றிலும் விரலை வைத்துத் தடவிப் பாருங்கள். பெயின்ற் மெல்லிசாக வெடித்து, அந்தக் கோட்டில் துரு கசிந்திருந்தால் உள்ளே இரும்பும் வெடித்திருக்கக்கூடும். மூலையில் செம்மண் இருப்பது குற்றமல்ல, போக வேண்டிய இடத்துக்குப் போய்வந்த வண்டி அது. அடிப்பக்கம் மட்டும் புதுசாகக் கறுப்புப் பெயின்ற் அடித்து மினுங்கினால்தான் எங்களுக்குச் சந்தேகம் வரும்.

ரயரில் தேய்மானம் பார்த்து ஏமாறாதீர்கள். ட்ரெய்லர் ரயர் தேய்ந்து சாவதை விட வெயிலில் நின்று வயது போய்ச் சாவதுதான் கூட. ரயரின் பக்கத்தில் நீள்வட்டத்துக்குள் நான்கு இலக்கம் இருக்கும். 2317 என்றால் 2017 ஆம் ஆண்டின் 23 ஆவது கிழமை செய்தது. பூ வடிவாக இருந்தாலும் அப்படியான ரயரை மாற்றுகிற காசை விலையில் இருந்து கழியுங்கள். பிறகு ஒரு பக்கச் சில்லை ஜக் அடித்துத் தூக்கிக் கையால் சுற்றுங்கள். பெயரிங் கரகரத்தாலோ, சில்லை மேலும் கீழும் ஆட்ட அசைந்தாலோ அங்கேயும் செலவு இருக்கிறது. ஆறு கடந்த வண்டியென்றால் கட்டாயம் பாருங்கள், தண்ணீர் முதலில் போய் இருக்கிற இடம் அதுதான்.

கூடாரத்தை விற்கிறவர் விரித்துக் காட்டினால் போதாது. நீங்களே விரியுங்கள், நீங்களே மடியுங்கள், அவர் முகத்தைச் சுளித்தாலும் இன்னொரு தரம் செய்யுங்கள். உள்ளே போய் சிப் எல்லாவற்றையும் இழுத்துப் பூட்டி ஐந்து நிமிடம் சும்மா இருங்கள். ஈரத்தோடு மடித்து வைத்த கன்வஸின் பூஞ்சண மணம் எந்த வாசனைத் திரவியத்துக்கும் மசியாது.

இந்த இடத்தில் எங்களுக்கு ஊர் ஞாபகம் வருகிறது. யாழ்ப்பாணத்தில் ஒஸ்ரினும் மொரிஸ் மைனரும் அரை நூற்றாண்டு தாண்டியும் ஓடினதுக்குக் காரணம், கராஜ்காரர் அதைப் பிரித்துப் பூட்டக்கூடியதாக இருந்ததுதான். பொருளாதாரத் தடைக் காலத்தில் ஒரு சொட்டுப் பெற்றோலில் ஸ்ராட் பண்ணி மண்ணெண்ணெயில் ஓட்டினது எங்கள் அப்பாக்களின் தலைமுறை. கம்பர் தெரிவு செய்யும்போதும் அதே கேள்வியைக் கேட்கலாம்: நடு வனாந்தரத்தில் இது முறிந்தால் யார் பூட்டுவார்? தகடு தகடாக அடுக்கின பழைய மாதிரி ஸ்பிரிங் குலுக்கும்தான், ஆனால் எந்தப் பண்ணையிலும் வெல்டிங் தெரிந்த ஒருவர் அதைச் சமாளித்துவிடுவார். ட்ரெய்லரின் சில்லும் இழுக்கிற வாகனத்தின் சில்லும் ஒரே ஆணி அமைப்பாக இருந்தால் ஒன்றின் உபரிச் சில்லை மற்றதுக்குப் போடலாம். விளம்பரங்களில் இதைப் பெரிதாகப் போடமாட்டார்கள். தொடுதிரையும் கலர் லைற்றும்தான் போடுவார்கள்.

நல்ல விற்பனையாளர் யார் என்றால், எங்கள் அனுபவத்தில் ஓய்வுபெற்ற கிழவன் கிழவிச் சோடிதான். வேலை விட்டபிறகு நாட்டைச் சுற்றுகிற ஒரு கூட்டமே அங்கே உண்டு. முழங்கால் ஏலாமல் போனதும் விற்பார்கள். குழுவில் இன்னொருவர் அப்படி ஒரு சோடியிடம் பன்னிரண்டு வயது ட்ரெய்லர் ஒன்றை வாங்கினார். அதோடு ஒரு கொப்பியும் கொடுத்தார்களாம். எந்தத் திகதி எங்கே நின்று பெயரிங்குக்குக் கிறீஸ் போட்டது என்று வரிக்கு வரி எழுதின கொப்பி. அதை விடச் சிறந்த மீற்றர் எங்கே கிடைக்கும்?

சட்டப் பக்கத்தைச் சுருக்கமாகச் சொல்கிறோம். கடையில் வாங்கினால், பாவிச்சது என்றாலும், அவுஸ்திரேலிய நுகர்வோர் சட்டத்தின் பாதுகாப்பு அதன் வயதுக்கும் விலைக்கும் ஏற்ற அளவில் உண்டு. தனியாரிடம் வாங்கினால் அதில் பெரும்பகுதி கிடையாது, பிறகு போய் அழமுடியாது. தனியாரிடம் வாங்குவதற்கு முன் அரசாங்கத்தின் பிணைப் பதிவேட்டில் வண்டி இலக்கத்தைப் போட்டுத் தேடுங்கள், கட்டணம் இரண்டு டொலர். யாரோ கட்டாமல் விட்ட கடன் அந்த வண்டியில் இருந்தால் கடன் கொடுத்தவர் உங்கள் முற்றத்தில் வந்து இழுத்துக்கொண்டு போகலாம். இந்த இரண்டு டொலரை மிச்சம் பிடிக்கவேண்டாம்.

பாரமும் முக்கியம். வண்டியின் தகட்டில் ஏ.ரி.எம். என்று ஒன்று இருக்கும், காசு எடுக்கிற மெசின் அல்ல, சாமானோடு சேர்த்து ட்ரெய்லர் இருக்கக்கூடிய உச்சப் பாரம். வெறும் வண்டியின் பாரத்தை அதில் இருந்து கழித்தால்தான் நீங்கள் எவ்வளவு ஏற்றலாம் என்று தெரியும். நூறு லீற்றர் தண்ணீர் நிரப்பினாலே நூறு கிலோ போய்விட்டது. அரிசி மூட்டை, பெரிய பானை, இடியப்ப உரல், மடக்குக் கதிரை ஆறு என்று எங்கட ஆக்கள் ஏற்றுகிற விதத்துக்கு இந்தக் கழித்தலைப் பேப்பரில் செய்து பாருங்கள். வீட்டுக்கார் அந்தப் பாரத்தை இழுக்குமோ என்றும் அதன் கைநூலில் பாருங்கள், பலரின் கார் இழுக்காது.

புதுசு வாங்குகிறதே பிழை என்று சொல்லவில்லை. கடன் இல்லாமல் வாங்க முடிகிறது, பத்து வருடம் வைத்திருக்கப் போகிறீர்கள், அந்தக் கம்பனி அடிச்சட்டத்தைத் தானே செய்கிறது, பழுதென்றால் கிட்டவே ஒரு பட்டறை இருக்கிறது என்றால் எடுங்கள். சின்னப் பிள்ளைகளோடு போகிறவர், இரும்பின் அடியில் படுக்க நேரமோ உடம்போ இல்லாதவர், இவர்களுக்கும் கடையும் அதன் பொறுப்பும் பெறுமதிதான். எங்கள் சண்டை, பழைய நல்லதின் விலைக்கே கிடைக்கிற புது மலிவோடு மட்டும்தான்.

இரண்டுக்கும் முன்னால் ஒரு கிழமை வாடகைக்கு எடுத்துப் பாருங்கள். மழை வருகிற கிழமையாகப் பார்த்து எடுங்கள். இருட்டில், நனைந்துகொண்டு, பசியோடு அந்தக் கூடாரத்தை விரித்த பிறகும் சோடியாகப் போனவர்கள் இருவரும் கதைத்துக்கொண்டிருந்தால், விலை பேசப் போகலாம்.