புள்ளிராஜா வீட்டம்மாவுக்கு என்ன ஆச்சு?

"புள்ளிராஜாவுக்கு எய்ட்ஸ் வருமா?"

தமிழ்நாட்டுச் சுவர்களெல்லாம் இப்படிக் கேட்டுக்கொண்டிருந்த காலம், நாற்பதைத் தாண்டியவர்களுக்கு நினைவிருக்கும். யாருப்பா இந்தப் புள்ளிராஜா என்று ஊரே மண்டையை உடைத்துக்கொண்டது. ராஜா என்று பெயர் வைத்திருந்த பாவத்துக்குச் சிலர் கல்லூரி ஹாஸ்டலில் பட்ட பாடு தனிக்கதை. விளம்பரம் ஜெயித்துவிட்டது, சந்தேகமே இல்லை. ஆனால் புள்ளிராஜாவுக்குக் கல்யாணம் ஆகியிருந்தால் அந்த அம்மா கதி என்ன என்று யாரும் கேட்டதாக எனக்கு ஞாபகம் இல்லை.

கேட்டவர்கள் ஆராய்ச்சிக்காரர்கள். 1986-ல் சென்னை மருத்துவக் கல்லூரியில் டாக்டர் சுனிதி சாலமனின் வழிகாட்டுதலில் நிர்மலா என்ற மாணவி சேகரித்த ரத்த மாதிரிகளில்தான் இந்தியாவில் எச்.ஐ.வி. முதன்முதலாகக் கண்டுபிடிக்கப்பட்டது. சுனிதி பிறகு ஒய்.ஆர்.ஜி. கேர் என்ற மையத்தைத் தொடங்கினார். சென்னையில் சிகிச்சைக்கு வந்த, தொற்றுள்ள 134 பெண்களைப் பற்றி அவர் குழுவினர் செய்த ஆய்வு 2000-ல் வெளியானது. அந்தப் பெண்களில் பெரும்பாலோர் இல்லத்தரசிகள். பத்தில் எட்டுப் பேருக்கும் மேல், வாழ்க்கையில் ஒரே ஆணோடு மட்டும் உறவு வைத்திருந்தவர்கள். 'ஒழுக்கமாக இருந்தால் வராது' என்று அதுவரை மேடை போட்டுச் சொல்லிவந்ததை அந்த ஒரு ஆய்வு கவிழ்த்துப் போட்டது. அவர்கள் ஒழுக்கமாகத்தான் இருந்தார்கள். வந்துவிட்டது.

இதை ஏன் தேனியை வைத்துச் சொல்கிறேன் என்றால், எங்கள் கம்பம் பள்ளத்தாக்கில் வீடு ஒரு பக்கம், பிழைப்பு இன்னொரு பக்கம். விடியுமுன்னே ஏலத்தோட்டங்களுக்கு ஆள் ஏற்றிக்கொண்டு கம்பம்மெட்டுக்கும் போடிமெட்டுக்கும் ஜீப்புகள் ஏறிவிடும். திராட்சை, வாழை, காய்கறி ஏற்றிய லாரிகள் வெளியூர் போய்த் திரும்ப நாள் கணக்காகும். ஜீப் டிரைவர்களையும் லாரிக்காரர்களையும் நான் குறை சொல்லவில்லை. கிருமிக்குத் தொழிலும் தெரியாது, ஆதார் கார்டும் தெரியாது. ஆனால் வாரக்கணக்கில் பிரிந்திருக்கும் குடும்பங்கள் அதிகமுள்ள மாவட்டத்தில் பரிசோதனை மனைவியோடு நின்றுவிட்டால் அது பாதிப் பரிசோதனைதான்.

நடப்பது அப்படித்தான். கர்ப்பம் உறுதியானதும் அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் எச்.ஐ.வி.க்கும் சேர்த்து ரத்தம் எடுக்கிறார்கள், இலவசமாக. "வீட்டுக்காரரையும் கூட்டிட்டு வாம்மா" என்று நர்ஸ் சொல்வார். "அவுக மலைக்குப் போயிருக்காகக்கா" என்று பதில் வரும். பேச்சு அத்தோடு முடிந்தது.

மனைவிக்குத் தொற்று இல்லை என்று வந்துவிட்டதே, பிறகென்ன என்று கேட்கலாம். சிக்கலே அங்கேதான். மூன்றாம் மாதத்தில் 'இல்லை' என்று வந்த ரிசல்ட், ஏழாம் மாதத்துக்கு உத்தரவாதம் இல்லை. கணவருக்குத் தொற்று இருந்து அது தெரியாமலே இருந்தால், இடைப்பட்ட நாட்களில் மனைவிக்கு வரலாம். புதிதாகத் தொற்றும்போது ரத்தத்தில் கிருமி மிக அதிகமாக இருக்கும். குழந்தைக்குப் போகும் ஆபத்தும் அப்போது கூடுதல். கணவர் ரிசல்ட் தெரியும் வரை ஆணுறை பயன்படுத்துங்கள். கர்ப்பமாக இருக்கும்போது எதற்கு என்று சிரிக்க வேண்டாம், அப்போதுதான் அதிகம் தேவை.

சரி, இருவரில் ஒருவருக்கு இருப்பதாகவே வைத்துக்கொள்வோம். இங்கேதான் நல்ல சேதி. 9 நாடுகளில், ஒருவருக்கு மட்டும் தொற்றிருந்த 1,763 ஜோடிகளை வைத்து நடந்த பெரிய ஆய்வில் சென்னையும் புனேயும் பங்கெடுத்தன. உடனே மருந்து தொடங்கினால் துணைக்குப் பரவுவது 96 சதவீதம் குறைகிறது என்று 2011-ல் முடிவு வந்தது. மருந்து ஒழுங்காகச் சாப்பிட்டு, ரத்தத்தில் கிருமி கண்டறிய முடியாத அளவுக்கு இறங்கி, அப்படியே நீடித்தால் உறவின் மூலம் பரவுவதே இல்லை என்பது இன்று உறுதியான விஷயம். கிருமி நன்றாகக் கட்டுப்பட்ட தம்பதி டாக்டரிடம் பேசிவிட்டுக் குழந்தையும் பெற்றுக்கொள்ளலாம். ஒன்றுமே செய்யாவிட்டால் தாயிடமிருந்து குழந்தைக்குப் போகும் வாய்ப்பு நூற்றுக்கு 15 முதல் 45 வரை. சிகிச்சை எடுத்தால் 5-க்கும் கீழே. தாய்க்குத் தினமும் மாத்திரை, பிறந்த குழந்தைக்குச் சில வாரங்கள் சொட்டு மருந்து. எல்லாம் அரசு செலவு.

மருந்து கிடைப்பது இன்று பெரிய பிரச்னை இல்லை. பரிசோதனைக்கு அரசு மருத்துவமனைகளில் நம்பிக்கை மையம் இருக்கிறது. க.விலக்கில் மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. ஆண்டிபட்டி ஆரோக்கிய அகம், தொழுநோய், காசநோய்ப் பணியில் தொடங்கி எச்.ஐ.வி. உள்ளவர்களோடும் பல காலம் நின்றிருக்கிறது. போனில் கேட்க வேண்டுமென்றால் 1097, கட்டணமில்லா எண்.

பிரச்னை, வாசலில் யார் பார்ப்பார்களோ என்பது. கம்பத்துக்காரர் தேனிக்குப் போவார், தேனிக்காரர் மதுரைக்குப் பஸ் ஏறுவார். வீட்டிலோ, கர்ப்பத்தின்போது முதலில் பரிசோதனைக்குப் போனவள் மருமகள் என்பதாலேயே 'இவ கொண்டுவந்தது' என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். பாவம் ஓரிடம், பழி ஓரிடம். முதலில் தெரிந்தது யாருக்கு என்பதும் முதலில் வந்தது யாருக்கு என்பதும் ஒன்றல்ல என்று மாமியார்களுக்கு யாராவது உட்கார வைத்துச் சொன்னால் தேவலை.

இந்தப் பயத்துக்குச் சட்டத்திலும் பதில் இருக்கிறது. 2017-ல் நிறைவேறி, 2018 செப்டம்பர் 10 முதல் நடைமுறைக்கு வந்த எச்.ஐ.வி. சட்டப்படி, சம்மதமில்லாமல் பரிசோதிக்கக் கூடாது, ரிசல்ட்டை ஊருக்குச் சொல்லக் கூடாது. துணைக்குத் தெரிவிப்பதற்கு மட்டும் சில நிபந்தனைகளோடு வழி உண்டு. அதிலும், சொன்னால் அந்தப் பெண்ணுக்கு அடி விழும், வீட்டைவிட்டுத் துரத்துவார்கள் என்று நியாயமான அச்சம் இருந்தால் மருத்துவர் சொல்லக் கூடாது என்று சட்டமே தடுக்கிறது. பரிசோதனைக்கு முன்னும் பின்னும் ஆலோசகர் தனியாகப் பேசுவார். அவரிடம் இந்தப் பயத்தை வாய்விட்டுச் சொல்லிவிடுங்கள், கேட்பதற்குத்தான் அவர் உட்கார்ந்திருக்கிறார்.

கணவரை எப்படிக் கூப்பிடுவது? 'உங்க மேல சந்தேகம்' என்று ஆரம்பித்தால் சண்டைதான் மிஞ்சும். அடுத்த செக்கப் தேதியை அவர் மலையிலிருந்து இறங்கும் நாளாகப் பார்த்துக் கேட்டு வாங்குங்கள். "ரெண்டு பேருக்கும் ரத்தம் பாக்கணுமாம், டாக்டரம்மா கண்டிப்பா வரச் சொன்னாக" என்று பாரத்தை டாக்டர் தலையில் இறக்கி வைத்துவிடுங்கள். எந்த டாக்டரம்மாவும் இதற்குக் கோபித்துக்கொள்ள மாட்டார்.