மூன்றில் ஒரு பங்கு வீரனும் ஒரு "குளிக்காதீர்கள்" போர்டும்

டிஸ்கி: கொஞ்சம் நீளமான பதிவு. பொறுமை இல்லாதவர்கள் நேராகக் கிணறு வரும் இடத்துக்குப் போய்விடலாம். :-)

வெளியூர்க்காரர்களிடம் எனக்கு ஊர் கள்ளக்குறிச்சி என்று சொன்னால் இரண்டு நொடி மௌனம். பிறகு "ஓ... அந்த..." என்று இழுப்பார்கள். 2024 ஜூனில் கருணாபுரத்தில் விஷச்சாராயம் குடித்து அறுபதுக்கும் மேற்பட்டவர்கள் செத்துப்போனதிலிருந்து எங்கள் ஊருக்கு அதுதான் அடையாளம். அதனால் "பொங்கல் லீவில் நாங்கள் மூன்று பேர் தண்ணியில் இறங்கினோம்" என்று ஆரம்பித்தால் நீங்கள் என்ன நினைப்பீர்கள் என்று தெரியும். இது நிஜத் தண்ணி மக்களே. கிணற்றுத் தண்ணி.

மேட்டர் இதுதான். நாங்கள் ரிலே டிரையத்லான் ஒன்றை முடித்தோம். முதல் தடவை. முடித்த கையோடு வகுப்பில் சொன்னபோது கிடைத்த மரியாதை இருக்கிறதே, அதற்குப் பதில் சொல்லத்தான் இந்தப் பதிவு.

தெரியாதவர்களுக்காக: டிரையத்லான் என்றால் நீச்சல், சைக்கிள், ஓட்டம் மூன்றையும் இடைவெளி விடாமல் ஒன்றன்பின் ஒன்றாக முடிப்பது. 1974-இல் அமெரிக்காவின் சான் டியாகோவில் ஓட்டப்பந்தயக் கிளப்காரர்கள் விளையாட்டாகத் தொடங்கியது, 2000 சிட்னியில் ஒலிம்பிக்குக்குள் வந்துவிட்டது. ஒலிம்பிக் கணக்கு 1.5 கி.மீ. நீச்சல், 40 கி.மீ. சைக்கிள், 10 கி.மீ. ஓட்டம். அதில் சரிபாதி தூரத்துக்கு ஸ்பிரிண்ட் என்று பெயர். ஒரே ஆளால் முடியாவிட்டால் மூன்று பேர் சேர்ந்து ஆளுக்கு ஒன்றாகப் பிரித்துக்கொள்ளலாம், அதுதான் ரிலே. கோவாவில் 2019 முதல் நடக்கும் அயர்ன்மேன் 70.3 போட்டியிலும் இந்த வகை உண்டு. பெங்களூரு தெற்கு எம்.பி. தேஜஸ்வி சூர்யா 2022-இல் அங்கே ரிலே அணியில் சைக்கிள் மட்டும் ஓட்டினார். 2024-இல் திரும்பி வந்து மூன்றையும் தனி ஆளாக முடித்தார். கட்சியை விடுங்கள், அந்த வரிசையைக் கவனியுங்கள். இந்த விஷயத்துக்குக் கடைசியில் வருவேன்.

நாங்கள் எடுத்தது ஸ்பிரிண்ட் தூரம். 750 மீட்டர், 20 கி.மீ., 5 கி.மீ. போட்டி நடத்த யாரும் இல்லை. நடத்தியவர்களும் நாங்கள்தான், ஓடியவர்களும் நாங்கள்தான். கைதட்டியது நீச்சல் பார்ட்டியின் ஆயா ஒருவர் மட்டும்.

முதல் கேலி: "அது லட்ச ரூபாய் சைக்கிள் வெச்சிருக்கறவன் ஆட்டம் மச்சான், உனக்கெதுக்கு?" எங்கள் சைக்கிள் பார்ட்டி ஓட்டியது பிளஸ் ஒன்னில் அரசு இலவசமாகக் கொடுத்த சைக்கிள். 2001-02-இல் தாழ்த்தப்பட்ட, பழங்குடி மாணவிகளுக்கு என்று தொடங்கிப் பிறகு எல்லோருக்கும் விரிந்த திட்டம் அது. முன்னால் இருந்த கூடையைக் கழற்றினோம், பின்சக்கரத்துக்கு ட்யூப் மாற்றினோம், செயினுக்கு எண்ணெய் விட்டோம். பி.காம். படிப்பவன் என்ற முறையில் செலவுக் கணக்கு எழுதி வைத்திருக்கிறேன். மொத்தமே ஒரு நல்ல ஹோட்டல் பிரியாணிச் செலவுதான். என் ஓட்டத்துக்கு ஒரு ஜோடி பழைய கேன்வாஸ். பயிற்சி ஏழு வாரம். முதல் வாரம் ஒரு கிலோமீட்டர் ஓடிவிட்டு ரோட்டோரம் குந்திக்கொண்டேன். அவ்வ்வ்வ்.

இரண்டாவது கேலி: "ஒருத்தன் செய்யவேண்டியத மூணு பேர் செஞ்சிட்டு பெருமை வேறயா?" இதற்கு ஆரம்பத்தில் என்னிடம் சூப்பர் பதில் ஒன்று இருந்தது. 1776-இல் ஆடம் ஸ்மித் குண்டூசித் தொழிற்சாலையைக் காட்டிச் சொன்னாரே வேலைப் பிரிவினை, அதுதானே இது? அவனவனுக்கு வந்ததை அவனவன் செய்கிறான். செமஸ்டருக்கு இதைப் பத்து மார்க் கேள்வியாக எழுதியிருக்கிறோம், மைதானத்தில் செய்தால் மட்டும் ஏமாற்று வேலையா?

நல்ல பதில்தான். ஆனால் கிணற்றடியில் உட்கார்ந்தபோது அது எனக்கே உதவவில்லை.

நிற்க. கிணற்றுக்கு வருவோம்.

கச்சிராயபாளையம் பக்கம் நீச்சல் பார்ட்டியின் மாமா நிலத்தில் உள்ள கிணறு. நாற்பதடிக்கு நாற்பதடி சதுரம், ஒரு பக்கம் படிக்கட்டு, மழைக்குப் பிறகு நன்றாக ஊறி நின்றது. மாமா வந்து மோட்டார் ஃபியூஸைப் பிடுங்கித் தன் சட்டைப்பையில் போட்டுக்கொண்ட பிறகுதான் யாரையும் இறங்க விட்டார். நாற்பதடி என்றால் பன்னிரண்டு மீட்டருக்குக் கொஞ்சம் மேல். 750 மீட்டருக்கு 62 தடவை குறுக்கே போகவேண்டும். என் மடியில் 62 புளியங்கொட்டை. அவன் ஒவ்வொரு முறை சுவரைத் தொடும்போதும் ஒன்றை எடுத்துக் கீழே போடவேண்டும். அதுதான் எங்கள் எலெக்ட்ரானிக் டைமிங் சிஸ்டம்!

இருபத்தேழு நிமிடம் அவன் போய் வந்துகொண்டே இருந்தான். ஒரு இடத்திலும் மூச்சிரைக்கவில்லை. அவன் நீச்சல் கற்றது எட்டு வயதில், இதே கிணற்றில். முதுகில் காய்ந்த சுரைக்குடுக்கை, இடுப்பில் கயிறு, கயிற்றின் மறுமுனை அப்பா கையில். ஒரு மாதத்தில் குடுக்கை போனது, அடுத்து கயிறு போனது. கோச்சிங் ஃபீஸ் பூஜ்யம்.

படியேறி வந்து கணுக்காலில் கட்டியிருந்த சிவப்புக் கயிற்றை அவிழ்த்தான். பெரிய போட்டிகளில் காலில் கட்டிய சிப்பைக் கைமாற்றுவார்கள். எங்களுக்குக் கயிறு. நனைந்த முடிச்சு அவிழாமல் ஒரு நிமிடம் போனது. "பல்லால கடிச்சு இழுடா!" என்று சைக்கிள் பார்ட்டி கத்தினான். பிறகு அவன் கள்ளக்குறிச்சி ரோட்டில் பத்து கிலோமீட்டர் போய்த் திரும்பினான். வழியெல்லாம் ஆலைக்குப் போகும் கரும்பு டிராக்டர்கள், முந்தவும் முடியாது, பின்னால் போனால் தோகை முகத்தில் அடிக்கும். 61 நிமிடம். அவன் வந்து கயிற்றைக் கட்டியதும் நான் கோமுகி அணைக்குப் போகும் ரோட்டில் ஓடினேன். 33 நிமிடம். மலை எதிரே நீலமாக நின்றது, ரசிக்கும் நிலையில் நான் இல்லை. முடிச்சு நேரத்தையும் சேர்த்து மொத்தம் 2 மணி 3 நிமிடம். ஆயா கேட்டார்: "ஏன் கண்ணு, பஸ்ஸுல போனா ஆவாதா?"

இதெல்லாம் சந்தோஷம்தான். ஆனால் புளியங்கொட்டை எண்ணிய அந்த இருபத்தேழு நிமிடம் எனக்கு வேறொன்று ஓடிக்கொண்டிருந்தது. அவனுக்குத் தண்ணீருக்குள் திடீரென்று தசை பிடித்துக்கொண்டால் நான் என்ன செய்வேன்? கத்துவேன். அவ்வளவுதான். எனக்கு நீந்தத் தெரியாது. மாமாவும் ஒரு வடக்கயிறும் கிணற்றடியில் இருந்ததால் நடத்தினோமே தவிர, என்னை நம்பி இல்லை.

ஏன் தெரியாது? ஏழாம் வகுப்பு முடிந்த மே மாத லீவில் என்னோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்திருந்த பையன் ஏரியில் மூழ்கிப் போனான். மண் அள்ளிய பள்ளம். மேலே பார்த்தால் முழங்கால் ஆழம்தான் என்று தோன்றும். பள்ளி திறந்த அன்று பிரேயரில் இரண்டு நிமிட மௌனம், பிறகு "இனிமே ஒருத்தனும் தண்ணிப் பக்கம் போகக்கூடாது" என்று ஒரு உத்தரவு. ஏரிக்கரையில் "இங்கு குளிக்காதீர்கள், ஆழம் அதிகம்" என்று ஒரு போர்டு. வீட்டில் அம்மா என் கையை எடுத்துத் தன் தலையில் வைத்துச் சத்தியம் வாங்கினார். அத்தோடு முடிந்தது. ஒரு பையன் செத்ததற்கு மொத்த ஊரும் செய்த காரியம், மிச்சமிருந்த அறுபது பையன்களுக்கும் நீச்சல் வராமல் பார்த்துக்கொண்டதுதான்.

இதைத்தான் கேட்கிறேன். ரோட்டில் விபத்து நடந்தால் "நடக்காதீர்கள்" என்று யாராவது போர்டு வைப்பார்களா? தண்ணீர் விஷயத்தில் மட்டும் பயமுறுத்துவதே பாதுகாப்பு என்று எப்படி முடிவு செய்தோம்? இந்தியாவில் வருடத்துக்கு 35 ஆயிரம் பேருக்கு மேல் நீரில் மூழ்கிச் சாகிறார்கள். உலகம் முழுக்க 2021-இல் மூன்று லட்சம் என்கிறது உலக சுகாதார நிறுவனம். ஒவ்வொரு மே மாதமும் பேப்பரில் அதே செய்தி, ஊர்ப் பெயர் மட்டும் மாறும். போர்டுக்கு இதுவரை என்ன பலன் என்று யாராவது ஆடிட் செய்ததுண்டா?

"அரசாங்கம் எல்லாருக்கும் நீச்சல்குளம் கட்ட முடியுமா, நடக்கிற கதையா பேசு" என்பார்கள். வேண்டாம் சாமி, டைல்ஸ் ஒட்டிய குளம் கேட்கவே இல்லை. பங்களாதேஷில் கிராமத்துக் குளத்திலேயே மூங்கிலால் தளமும் தடுப்பும் கட்டி, ஆழத்தைக் குறைத்து, உள்ளூர் ஆட்களையே பழக்கி, பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தார்கள். ஸ்விம்சேஃப் என்று பெயர். பந்தய நீச்சல் இல்லை, 25 மீட்டர் தாண்டத் தெரிந்தால் போதும். ஆய்வு செய்து பார்த்ததில், கற்றுக்கொண்ட பிள்ளைகளிடையே மூழ்கிச் சாவது மற்றவர்களைவிடச் சுமார் 90 சதவீதம் குறைவு. மூங்கிலும் கயிறும் ஆளும். இதில் எது கல்வராயன் மலையடிவாரத்தில் கிடைக்காது?

"நம்ம ஆளுங்க கத்துக்கமாட்டாங்க" என்பது அடுத்தது. 1990-களின் தொடக்கத்தில் புதுக்கோட்டையில் என்ன நடந்தது என்று வீட்டில் பெரியவர்களைக் கேளுங்கள். ஷீலா ராணி சுங்கத் கலெக்டராக இருந்தபோது அறிவொளி இயக்கம் எழுத்தோடு சேர்த்துச் சைக்கிளும் கற்றுக்கொடுத்தது. பல்லாயிரம் கிராமத்துப் பெண்கள், சேலை கட்டிக்கொண்டே, ஊர் கேலி செய்யச் செய்ய ஓட்டினார்கள். சைக்கிள் அன்றைக்கு ஆம்பளை சமாச்சாரமாகத்தான் இருந்தது. மாவட்டம் முழுக்கக் கற்றுக்கொடுக்கலாம் என்று நிர்வாகம் நினைத்தது, நடந்தது. ஒரு உடல் பழக்கத்தை ஒரு மாவட்டத்துக்கே கற்றுக்கொடுத்த அனுபவம் இந்த மாநிலத்துக்கு உண்டு. பாதி வேலையை முடித்தும்விட்டது, இலவச சைக்கிள் கொடுத்து. ஓட்டத்துக்கு ரோடு இருக்கிறது. மூன்றில் பாக்கி ஒன்றுதான்.

பெண்கள் பற்றிச் சொல்லவேண்டும். எங்கள் வகுப்பில் என்னைவிட வேகமாக ஓடும் பெண் ஒருத்தி உண்டு (படித்துக்கொண்டிருப்பாள், வணக்கம்). "நானும் வரேன்னு சொன்னா எந்தக் கிணத்துல எறங்கறது, யார் கயிறு பிடிக்கறது?" என்று கேட்டாள். பதில் சொல்லத் தெரியாமல் முழித்தேன். பையன்களுக்காவது சத்தியத்தை மீறித் திருட்டுத்தனமாக நீந்தும் வசதி உண்டு. அவளுக்கு மீறவும் இடமில்லை. வெள்ளம் வந்தால் அது ஆண் பெண் பார்த்தா வரும்?

பெருமைக்கு மட்டும் நமக்குக் குற்றாலீஸ்வரன் வேண்டும். 1994-இல் ஒரே வருடத்தில் ஆறு நீரிணைகளை நீந்தி, ஐந்து நீந்திய மிஹிர் சென்னின் சாதனையைத் தாண்டிய நம்ம ஊர்ப் பையன். பொது அறிவு வினாடி வினாவில் பதில் சொல்ல எல்லோருக்கும் தெரியும். 25 மீட்டர் நீந்தச் சொன்னால் வகுப்பில் எத்தனை பேர் கை தூக்குவோம்? நான் கேட்டுப் பார்த்தேன். நாற்பத்திரண்டில் ஒன்பது.

இப்போது அந்த ஆடம் ஸ்மித் விஷயம். பாரிஸ் ஒலிம்பிக்கில் 2024-இல் நடந்த கலப்பு ரிலே டிரையத்லானைப் பாருங்கள். குளிக்கவே 1923-இலிருந்து தடை இருந்த சேன் நதியைக் கோடி கோடியாகக் கொட்டிச் சுத்தம் செய்து அதில் நீந்த விட்டார்கள் (அப்படியும் அழுக்கு என்று தனிநபர் போட்டி ஒன்றை ஒருநாள் தள்ளிவைத்தது தனிக் கதை). அந்த ரிலேவில் அணிக்கு நான்கு பேர், இரண்டு ஆண் இரண்டு பெண். ஆனால் "நீ நீந்து, நான் ஓடறேன்" என்ற பேச்சே கிடையாது. நான்கு பேரும் ஆளுக்குக் கொஞ்சம் நீந்தி, கொஞ்சம் சைக்கிள் ஓட்டி, கொஞ்சம் ஓடவேண்டும். யாரும் தண்ணீரிலிருந்து தப்ப முடியாது. எங்கள் ரிலேவில் நான் தப்பித்தேன். கேலி செய்த வகுப்பு மக்களே, அந்த ஒரு பாயிண்டில் நீங்கள் சொன்னது சரி. ஒத்துக்கொள்கிறேன்.

ஆகவே அம்மாவிடம் போய்ச் சத்தியத்தைத் திருப்பி வாங்கிக்கொள்ளச் சொன்னேன். ஒரு வாரம் பேசவில்லை. பிறகு "அவங்க மாமா இருக்கறப்ப மட்டும் எறங்கு" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார். இப்போது ஞாயிறு தோறும் கிணறு. சுரைக்குடுக்கை கிடைக்கவில்லை, முதுகில் இரண்டு காலி பிளாஸ்டிக் கேன். இருபத்தொரு வயதுக் கழுதைக்கு இடுப்பில் கயிறு. மேலே உட்கார்ந்து இழுத்துப் பிடிப்பவன் நீச்சல் பார்ட்டி, சிரிப்பவன் சைக்கிள் பார்ட்டி. அவனுக்கும் தெரியாது, அடுத்து அவன்தான்.

போன வாரம் ஒரு கேனைக் கழற்றிவிட்டார்கள். சுவரிலிருந்து சுவருக்கு, அந்த நாற்பதடியை, நடுவில் ஒருமுறை தண்ணீர் குடித்தபடி ஒருவழியாகத் தாண்டினேன். ஆயா ஒரு புளியங்கொட்டையை எடுத்துக் கீழே போட்டார்.

இன்னும் 61.