சுழற்காற்றும் வேலைநிறுத்தமும்

ஈரானியப் புரட்சியை அறிய விரும்பும் மாணவருக்கு ஜேம்ஸ் கிளாவெலின் ‘வேர்ல்விண்ட்’ (1986) நாவலைச் சிபாரிசு செய்வோர் நம்மிடையே உளர். ஆயிரம் பக்கங்களைத் தாண்டும் அந்நூலை முடித்தவர் வரலாற்றையே கற்றுவிட்டதாக எண்ணுகின்றனர். நூலின் பருமன் அதன் உண்மைக்குச் சான்றாகிவிடுகிறது! இக்கருத்து மறுக்கப்படவேண்டியது.

நாவல் 1979 பெப்ரவரி 9ஆம் திகதி தொடங்கி ஏறத்தாழ மூன்று வாரங்கள் நடைபெறுகிறது. ஈரானிய எண்ணெய் வயல்களில் பணிபுரியும் அந்நிய உலங்குவானூர்தி நிறுவனமொன்றின் விமானிகள், புதிய ஆட்சி கைப்பற்றுமுன் தம் இயந்திரங்களை வளைகுடாவுக்கு அப்பால் கொண்டுசெல்ல முயல்வதே கதை. விறுவிறுப்புக்குக் குறைவில்லை. ஈரானியர் இடம்பெறவில்லை என்றும் கூறிவிட முடியாது. கடைத்தெரு வணிகர், முல்லாக்கள், விமானிகளை மணந்த பெண்கள் எனப் பலர் நடமாடுகின்றனர். ஆயினும் வாசகரின் நெஞ்சு பதைப்பது எதன்பொருட்டு? உலங்குவானூர்திகள் தப்புமா என்பதன்பொருட்டே. ஒரு மக்கட்கூட்டம் மன்னராட்சியை வீழ்த்திய மாதத்தில், ஒரு கம்பனியின் உடைமைக்காகக் கவலைப்பட நாம் பழக்கப்படுகிறோம்.

வால்டர் ஸ்கொட்டின் நாவல்களை ஆராய்ந்த லூக்காச், இரு முகாம்களுக்குமிடையே சென்றுவரும் சாதாரண நாயகனின் சிறப்பை எடுத்துக்காட்டினார். அவன் வழியே மோதும் இரு சக்திகளும் மனித உருப்பெறுகின்றன. விமானி அத்தகைய பாத்திரமாக அமைந்திருக்கலாம். கிளாவெலின் விமானியோ மேலிருந்து பார்ப்பவன். இறங்கினாலும் புறப்படும் நினைவிலேயே இருப்பவன்.

தலைப்பே நோக்குநிலையைக் காட்டிக்கொடுக்கிறது. சுழற்காற்றிடம் எவரும் நியாயம் கேட்பதில்லை. ஆனால் 1978இன் பிற்பகுதியில் ஈரானை உலுக்கியது காற்றன்று, வேலைநிறுத்தம். நாளொன்றுக்கு 50 இலட்சம் பீப்பாய்க்கு மேலிருந்த எண்ணெய் உற்பத்தியைத் தொழிலாளர் சில வாரங்களில் ஏறத்தாழ 15 இலட்சமாகக் குறைத்தனர். இராணுவச் சட்டத்தை நீக்குக, அரசியற் கைதிகளை விடுவிக்குக என்பவற்றோடு எண்ணெய்த் தொழிலை ஈரானியமயமாக்குக என்பதும் அவர்தம் கோரிக்கை. 1951இல் எண்ணெயை நாட்டுடைமையாக்கிய மொசாதெக்கின் ஆட்சி, 1953இல் அமெரிக்க, பிரித்தானிய உளவு நிறுவனங்களின் துணையோடு கவிழ்க்கப்பட்டதை அவர்கள் மறக்கவில்லை. அந்நியர் வெளியேறல் விமானிகளுக்குத் தலையில் விழுந்த இடி. வயலில் நின்றவனுக்கோ கால் நூற்றாண்டுக் கணக்கு.

இன்னொன்றும் உண்டு. நாவல் தொடங்கும் அதே பெப்ரவரி 9 இரவில், தெஹ்ரானின் தோஷான் தப்பே விமானப்படைத் தளத்தில் ‘ஹோமாபர்’ எனப்பட்ட தொழில்நுட்பவியலாளர் கிளர்ந்தெழுந்தனர். வானூர்திகளைப் பழுதுபார்த்த கைகள் அவை. இரண்டே நாளில் இராணுவம் நடுநிலையை அறிவித்தது; முடியாட்சி முடிந்தது. பறக்கும் இயந்திரங்களைப் பற்றி நெடுநாவல் எழுதவந்தவருக்கு வரலாறே நாயகர்களைத் தந்திருந்தது. அவர் தெரிந்தெடுத்தவர்கள் வேறு.

‘இது வெகுசன நாவல்தானே, இத்தனை கண்டிப்பு எதற்கு?’ என்று கேட்கலாம். இந்நூலுக்குப் பதிப்பகத்தார் வழங்கிய முன்பணம் 50 இலட்சம் டொலர். அத்தகைய முதலீடு எந்த நூலை உலகெங்கும் கொண்டுசெல்லும், எதனை மறைக்கும் என்பதை மாணவர் சிந்திக்கவேண்டும்.

மறைந்தவற்றுள் ஒன்று அஹ்மத் மஹ்மூதின் ‘ஹம்சாயெஹா’ (1974). ‘அயலவர்’ என்பது பொருள். எண்ணெய் தேசியமயமான ஆண்டுகளில், அஹ்வாஸ் நகரின் ஏழைக் குடும்பங்கள் பல கூடிவாழும் வீடொன்றில் வளரும் காலித் என்னும் இளைஞன், அரசியலுக்கு ஈர்க்கப்பட்டுச் சிறைசெல்லும் கதை அது. எண்ணெய் அங்கு தரையிலிருந்து பார்க்கப்படுகிறது. ஷாவின் தணிக்கை அதனைத் தடுத்தது. பின்வந்த ஆட்சியும் தடுத்தது. இரு ஆட்சிகளுக்கும் பிடிக்காத நாவலில் ஏதோ உண்மை இருந்திருக்கவேண்டும். ஆங்கிலத்திலும் அது கிடைக்கிறது. எமது வாசிப்பு வட்டம் ஈரானை எடுத்துக்கொள்ளுமாயின் முதலில் காலித்தின் வீட்டு முற்றத்துக்குச் செல்லட்டும். கிளாவெலின் விமானத்தில் பிறகு ஏறலாம்.