நீராவி எஞ்சின்களின் இல்லம் பணிமனையே

1853 ஏப்ரல் 16 அன்று போரிபந்தரிலிருந்து தாணேவுக்கு ஓடிய இந்தியாவின் முதல் பயணிகள் ரயிலை சாகிப், சிந்து, சுல்தான் என்னும் மூன்று நீராவி எஞ்சின்கள் இழுத்துச் சென்றன. பதினான்கு பெட்டிகளில் நானூறு விருந்தினர் அமர்ந்திருந்தனர். அம்மூன்று எஞ்சின்களில் ஒன்றுகூட இன்று எந்த அருங்காட்சியகத்திலும் இல்லை. முதலீட்டுக்கு 5 சதவீத வருவாயை அரசின் உத்தரவாதமாகப் பெற்றிருந்த ஆங்கிலேயக் கம்பெனி, அந்த வருவாயை ஈட்டித் தந்த எந்திரங்களைக் காக்க நினைக்கவில்லை. மும்பையில் ரயில்வே மரபைக் காக்கப் போவதாக ஆட்சியாளர்கள் பேசும்போதெல்லாம் இந்த உண்மையை நினைவில் கொள்ள வேண்டும்.

சத்ரபதி சிவாஜி மகாராஜ் முனையக் கட்டடத்திலுள்ள மத்திய ரயில்வேயின் தலைமை அலுவலகத்தைக் காலி செய்து, அதை உலகத்தர அருங்காட்சியகமாக மாற்றும் யோசனை, 2018இல் பியூஷ் கோயல் ரயில்வே அமைச்சராக இருந்தபோது முன்வைக்கப்பட்டது. ஊழியர் சங்கங்கள் அதை எதிர்த்தன. அந்த எதிர்ப்பு நியாயமானது. 1888இல் கட்டி முடிக்கப்பட்டு, 2004இல் யுனெஸ்கோவின் உலக மரபுப் பட்டியலில் இடம்பெற்ற அக்கட்டடத்தின் சிறப்பே, அது இன்றும் வேலை நடக்கும் இடமாக இருப்பதுதான். ஊழியர்களை வெளியேற்றிவிட்டு அவர்களுடைய மேசைகளைக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைப்பது எவ்வகை மரபுக் காப்பு?

நீராவி எஞ்சின் சுவரில் மாட்டும் ஓவியமன்று. பல டன் எடையுள்ள இரும்பு அது. நான்கு மாதம் விடாது பெய்யும் மழையிலும் உப்புக் காற்றிலும் திறந்தவெளியில் நின்றால், மேலே பூசிய வண்ணம் பளபளத்துக்கொண்டிருக்கும்போதே கொதிகலனின் குழாய்களைத் துரு உள்ளிருந்து அரித்துவிடும். அதற்குக் கூரை வேண்டும். அடியில் இறங்கிப் பார்க்கக் குழி வேண்டும். கிரேனும் லேத்தும் வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, கொதிகலனைத் தட்டிப் பார்த்தே அதன் நிலையைச் சொல்லும் தொழிலாளி வேண்டும். இவை அனைத்தும் ஒருங்கே இருக்கும் இடத்துக்குப் பெயர் பணிமனை.

இதற்குச் சான்று தமிழ்நாட்டிலேயே உண்டு. 1855இல் செய்யப்பட்ட ஃபேரி குயின் எஞ்சினுக்கு மறுஉயிர் கொடுத்து, 1997இல் அது மீண்டும் ஓட வழிசெய்தவர்கள் பெரம்பூர் லோகோ பணிமனைத் தொழிலாளர்கள். நீலகிரி மலை ரயிலுக்குப் பழைய எஞ்சின்களைச் செப்பனிடுவதோடு நில்லாமல், இந்த நூற்றாண்டிலேயே புதிய நீராவி எஞ்சின்களைச் செய்து தந்தவர்கள் திருச்சி பொன்மலைத் தொழிலாளர்கள். அரியானாவின் ரேவாரியில் 1893ஆம் ஆண்டின் லோகோ ஷெட்டே பழைய எஞ்சின்களுக்கு வீடாயிற்று. இங்கிலாந்தின் யார்க் நகரிலுள்ள தேசிய ரயில்வே அருங்காட்சியகமும் பழைய லோகோ ஷெட் ஒன்றில்தான் அமைந்துள்ளது.

மும்பையில் நடப்பதோ நேர்மாறு. 1879இல் தொடங்கப்பட்ட பரேல் பணிமனையை அகற்றி அங்கே ரயில் முனையம் அமைக்கும் திட்டத்தைத் தொழிலாளர்கள் எதிர்த்துப் போராட நேர்ந்தது. 1915 முதல் இயங்கும் மாட்டுங்கா பணிமனையை ஒட்டிய பகுதியிலும் மாஹிமிலுமாக, சுமார் 45 ஏக்கர் ரயில்வே நிலம் தாராவி மறுசீரமைப்புத் திட்டத்துக்குக் குத்தகையாக ஒதுக்கப்பட்டது. தாராவி உழைப்பாளிக்கு வீடு கட்ட ரயில்வே நிலம் பயன்படுவதை எவரும் எதிர்க்கவில்லை. ஆனால் திட்ட நிறுவனத்தில் 80 சதவீதப் பங்கு அதானி குழுமத்திடம் இருக்கிறது. 2000 ஜனவரி 1க்குப் பின் குடியேறியவர்களுக்கோ தாராவியில் இடமில்லை. செம்பூரை அடுத்த தேவ்னார் குப்பைமேடு வரை அவர்களுக்காக நிலம் தேடப்படுகிறது. பொதுநிலம் யாருக்கு என்ற கேள்விக்கு இதைவிடத் தெளிவான விடை வேண்டுமா?

காலனி ஆட்சி விட்டுச்சென்ற இரும்புக்காகத் தொழிலாளி வர்க்கம் ஏன் கவலைப்பட வேண்டும் என்று தோழர்கள் சிலர் கேட்கக்கூடும். முதல் ரயில் ஓடிய அதே 1853இல், நியூயார்க் டெய்லி டிரிபியூன் ஏட்டில் மார்க்ஸ் இதற்கு விடையளித்துவிட்டார். மூலப்பொருளைச் சுரண்டிச் செல்ல முதலாளிகள் போடும் தண்டவாளம், இந்தியாவில் நவீனத் தொழிலுக்கு முன்னோடியாகும் என்றார் அவர். அத்தொழிலோடு ஒரு தொழிலாளி வர்க்கமும் பிறந்தது. 1928இல் தென்னிந்திய ரயில்வே வேலைநிறுத்தத்துக்காகச் சிங்காரவேலர் சிறை சென்றார். 1930இல் மும்பையைத் தலைமையிடமாகக் கொண்ட ஜி.ஐ.பி. ரயில்வேத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தனர். 1946 செப்டம்பர் 5 அன்று பொன்மலையில் ஐந்து தொழிலாளர்கள் துப்பாக்கிச்சூட்டுக்குப் பலியாயினர். 1974 மே மாதத்தில் 17 லட்சம் பேர் இருபது நாள் வேலைநிறுத்தம் செய்தனர். எஞ்சின் ஓட்டுவோருக்கு எட்டு மணிநேர வேலை என்பது அப்போராட்டத்தின் கோரிக்கைகளுள் ஒன்று. நெருப்பின் முன் நின்று கரி அள்ளிப்போட்ட ஃபயர்மேனின் வேலைநேரத்தைச் சொல்லாமல் அந்த எஞ்சினின் வரலாற்றை எவ்வாறு சொல்ல முடியும்?

டெல்லி தேசிய ரயில் அருங்காட்சியகத்தில் வேல்ஸ் இளவரசருக்கும் மைசூர் மன்னருக்கும் செய்யப்பட்ட சலூன் பெட்டிகள் பேணப்படுகின்றன. பேணட்டும். மும்பையில் அமையும் அருங்காட்சியகம் அவற்றைச் செய்த கைகளுக்கும் இடமளிக்க வேண்டும்.

ஆகவே கோரிக்கைகள் எளியவை. பரேல், மாட்டுங்கா பணிமனைகளை மூடாதே, சுருக்காதே. எஞ்சின்களுக்கான கூடத்தைப் பணிமனை வளாகத்திலேயே ரயில்வே தன் சொந்தச் செலவில் கட்டட்டும். செப்பனிடும் வேலையை ஒப்பந்தக்காரரிடம் விடாமல், நிரந்தரத் தொழிலாளர்களிடமும் அவர்களிடம் கற்கும் அப்ரெண்டிஸ்களிடமும் ஒப்படைக்கட்டும். என்ன காட்டுவது, எதை எழுதி வைப்பது என்று முடிவெடுக்கும் குழுவில் தொழிற்சங்கங்களுக்கு இடம் இருக்கட்டும். ஓய்வுபெற்ற கொதிகலன் தொழிலாளர்கள் நம்மிடையே இன்னும் வாழ்கிறார்கள். அவர்களது கைத்திறன் அடுத்த தலைமுறைக்குச் சேராமல் போனால், எவ்வளவு பெரிய கூடம் கட்டினாலும் அதற்குள் நிற்கப்போவது வண்ணம் பூசிய பழைய இரும்பு மட்டுமே.