மழை இல்லை என்றால் வானம் தெளிவா?

ஆண்டுதோறும் டிசெம்பர் 13, 14ஆம் திகதிகளை ஒட்டி ஜெமினிட்ஸ் விண்கல் மழை உச்சமடைகிறது. இருண்ட, தெளிந்த வானில் மணிக்கு நூறு விண்கற்கள்வரை காணலாம். 2026இல் அந்நாட்களின் இளம்பிறையும் முன்னிரவிலேயே மறைந்துவிடும். ஆனால் யாழ்ப்பாணத்தில் அது வடகீழ்ப் பருவமழைக் காலம். எந்த அறிவிப்பை நம்பி இரவைத் தெரிவுசெய்வது? மாணவியரான நமக்கு இது சிறிய கேள்வியன்று. இரவில் வெளியே நிற்க வீட்டில் அனுமதி கிடைப்பதே அரிது. முகிலை மட்டும் பார்த்துத் திரும்பினால், அடுத்த முறை கேட்க வாய் வராது.

நம்மிற் பலர் அறிவிப்பில் மழையைத்தான் தேடுகிறோம். வளிமண்டலவியல் திணைக்களம் "பிரதானமாகச் சீரான வானிலை" என்று சொன்னால் வானம் முழுதும் தெளிவாக இருக்கும் என்று பொருளில்லை. உயரத்தில் படரும் மெல்லிய முகில் ஒரு துளியும் பெய்யாது. விண்மீன்களை மட்டும் மறைத்துவிடும். ஆகவே மழை வாய்ப்பை அன்றி, முகில் மூட்டத்தின் அளவைப் பார்க்கவேண்டும். 'விண்டி' போன்ற செயலிகள் தாழ்ந்த, இடைப்பட்ட, உயர்ந்த முகில்களைத் தனித்தனியே காட்டுகின்றன.

நான்கு செயலிகள் ஒன்றையே சொன்னால் அது உறுதி என்று கொள்வதும் சரியன்று. நான்கும் ஒரே கணினி மாதிரியிலிருந்து எடுத்திருக்கலாம். ஒருவர் சொன்னதை நால்வர் திருப்பிச் சொன்னாலும் சாட்சி ஒன்றுதான். ஐரோப்பிய மாதிரியையும் அமெரிக்காவின் ஜிஎஃப்எஸ் மாதிரியையும் ஒப்பிடுவதே ஒப்பீடு. முன்னது ஏறத்தாழ 9 கிலோமீற்றர், பின்னது ஏறத்தாழ 13 கிலோமீற்றர் கட்டங்களாக உலகைப் பிரித்துக் கணிக்கிறது. ஒரு கட்டத்துக்குள் பண்ணையும் நல்லூரும் சேர்ந்தே அடங்கிவிடலாம். அதனால் சிறு முகில் திரள்களை அவற்றால் துல்லியமாகச் சொல்ல முடியாது. இரண்டும் முரண்பட்டால் முடிவைத் தள்ளிவைப்பதே அறிவு.

அன்று மாலையில் கணிப்பைவிடக் காட்சி மேலானது. ஜப்பானின் ஹிமவாரி செய்மதி பத்து நிமிடத்துக்கொரு படம் அனுப்புகிறது. அதன் அகச்சிவப்புப் படம் இரவிலும் முகிலைக் காட்டும். டிசெம்பரில் காற்று வடகிழக்கிலிருந்து வீசுவதால், வடமராட்சிக்கு அப்பாலுள்ள கடலில் முகில் எப்படி நகர்கிறது என்று பார்த்தால் போதும். ஆனால் மின்னல், பலத்த காற்று பற்றித் திணைக்களம் எச்சரித்தால், எந்தச் செயலி எதைச் சொன்னாலும் வீட்டிலேயே இருக்கவேண்டும்.

எனவே என் கருத்து இதுதான்: ஓர் இரவைக் குறித்து அனுமதி கேட்கவேண்டாம். 12, 13, 14 ஆகிய மூன்று இரவுகளையும் சொல்லி, அவற்றில் ஒன்றுக்கு அனுமதி கேட்போம். எது என்பதை அன்று மாலை சொல்வோம். கல்லூரி விஞ்ஞான மன்றமும் அவ்வாறே திட்டமிடட்டும். மூன்றும் மூடியிருந்தால் மாசி மாதம் இருக்கிறது. விண்கல் மழை அப்போது இராது. ஆனால் மழைக்காலம் ஓய்ந்த வானில் தெற்கே சுஹைல் என்னும் அகத்திய விண்மீன் ஒளிரும். காரணம் காட்டிக் கேட்கும் பிள்ளைக்குப் பெற்றோர் இலகுவில் மறுப்புச் சொல்லமாட்டார்கள்.