வாயில்லாச் சீவனுக்காகச் சிந்தும் கண்ணீர்

வீட்டில் பல்லாண்டு வளர்ந்த நாயொன்று இறந்துவிட்டால், அதற்காக ஒரு கிறிஸ்தவக் குடும்பம் அழலாமா? இக்கேள்வியை வாய்விட்டுக் கேட்போர் நம்மிடையே குறைவு. ஆனால் அழுகின்றவரைப் பார்த்து, "நாய்தானே, அதற்குப் போய் இப்படியா?" என்று கடிந்துகொள்வோர் மிகப் பலர். அவர்களுள் ஆழ்ந்த பக்தியுள்ளவர்களும் உண்டு. அழியா ஆன்மா மனிதருக்கே உரியது என்று மறைக்கல்வியிற் கற்றிருக்கிறோம்; அப்படியிருக்க, ஒரு மிருகத்திற்காகத் துக்கம் காப்பது விசுவாசத்திற்கு ஒவ்வாதது அல்லவா என்பது அவர்களது எண்ணம். அவ்வெண்ணம் சரியானதுதானா என்பதை இவ்வாரம் சற்று ஆராய்வோம்.

அன்பு வைத்த இடத்திலேதான் துக்கம் பிறக்கிறது. நம் குடாநாட்டு வீடுகளில் நாயின் இடம் எதுவென்பது நாம் அறிந்ததே. காலையில் வேலைக்குப் புறப்படுபவரை ஒழுங்கை முடியும்வரை வந்து வழியனுப்பும். படலை திறக்கும் ஓசையைக் கொண்டே வருபவர் வீட்டாரா பிறரா என்று அறியும். சோற்றிலும் மீன் தலையிலும் அதற்கென்று ஒரு பங்கு உண்டு. மாலையிற் செபமாலை சொல்லும் வேளையில் விறாந்தைப் படியிலே படுத்திருக்கும். பத்துப் பன்னிரண்டு ஆண்டுகள் இவ்வாறு கூடவே வாழ்ந்த உயிர் ஒருநாள் இல்லாது போகும்போது, வீட்டின் நாளாந்த ஒழுங்கே குலைந்துவிடுகிறது. சோறு போடும் கை பழக்கத்தினால் அதன் பங்கையும் எடுத்து வைக்கிறது. எடுத்து வைத்தபின்பே இல்லாமை நினைவுக்கு வருகிறது.

பிள்ளைகள் கனடாவிலும் இலண்டனிலும் பாரிசிலும் வாழ, பெரியதொரு வளவிலே தனித்திருக்கும் முதியோர் நம் பங்குகள்தோறும் உளர். அவர்களது பகற்பொழுதின் பேச்சையெல்லாம் கேட்டிருப்பது பெரும்பாலும் ஒரு நாயே. அது இறந்த செய்தியைத் தாய் தொலைபேசியிற் சொல்லும்போது, "காசு அனுப்புகிறேன் அம்மா, வேறொன்று வாங்குங்கோ" என்று மகன் ஆறுதல் கூறுகிறான். அவனது அன்பிற் குறையில்லை. ஆயினும் அத்தாய் இழந்தது கடையில் வாங்கக்கூடிய பொருளொன்றை அன்று. தன்னோடு முதுமையடைந்த ஒரு துணையை. அவளுக்குத் தேவைப்படுவது பணமன்று, "என்ன நடந்தது அம்மா?" என்று கேட்டு, அவள் சொல்லி முடிக்கும்வரை பொறுத்திருக்கும் ஒரு செவி.

இத்துக்கத்தை மறைத்துக்கொள்ளும் பழக்கத்திற்கு நம் மண்ணின் வரலாற்றிலும் ஒரு காரணம் உண்டு. 1995ஆம் ஆண்டு ஒக்டோபர் 30ஆம் நாள் வலிகாமத்திலிருந்து இலட்சக்கணக்கான மக்கள் புறப்பட்டு, இரவிரவாக நாவற்குழியைக் கடந்து தென்மராட்சி நோக்கி நடந்ததை மறந்தவர் எவருமிலர். முதியோரையும் குழந்தைகளையும் சுமப்பதே அரிதாயிருந்த அவ்விரவில், ஆடுமாடுகள் கட்டவிழ்த்து விடப்பட்டன. நாய்கள் வளவுகளிலேயே விடப்பட்டன. பின்தொடர்ந்து வந்த நாய்கள் சன நெரிசலிலே வீட்டாரைத் தவறவிட்டன. அடுத்த ஆண்டு மக்கள் மீண்டு வந்தபோது, எலும்பும் தோலுமாய் வாசலிலே கிடந்த தம் நாயைக் கண்டோரும் உண்டு. வெறும் முற்றத்தைக் கண்டோரே அதிகம்.

அதே ஆண்டு யூலை 9ஆம் நாள், நவாலி சென். பீற்றர்ஸ் தேவாலயத்திலும் அதன் சூழலிலும் தஞ்சமடைந்திருந்தோர் விமானக் குண்டுவீச்சுக்கு இலக்காகி, நூற்றுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். அத்தகைய ஓராண்டிலே, "என் நாயை விட்டுவிட்டு வந்தேனே" என்று எவர்தான் வாய்திறந்து அழுவார்? அக்கண்ணீர் நாணத்தோடு உள்ளே அடக்கப்பட்டது. அன்று "பேசாமல் நட" என்று அதட்டப்பட்ட சிறுவர்களே இன்று பெற்றோராகி, தம் பிள்ளைகளிடம் "நாய்தானே" என்கிறார்கள். மனித உயிரின் இழப்போடு மிருகத்தின் இழப்பைச் சமமாக நிறுத்த முடியாது, நிறுத்தவுங் கூடாது. ஆனால் பெருந்துக்கம் ஒன்று இருப்பதனால் சிறுதுக்கம் துக்கமே அன்று என்றாகிவிடாது.

திருவிவிலியம் இதுபற்றி என்ன சொல்கிறது? நாய் என்பது விவிலியத்தின் பல இடங்களில் இழிவுக்குரிய சொல்லாகவே வருகிறது என்பது உண்மை. அப்படியிருந்தும், தோபித்து நூலிலே ஒரு நாய் வருவதைக் கவனியுங்கள். இளைஞன் தோபியா, வானதூதர் இரபேலோடு நெடும்பயணம் புறப்படுகிறான். அவர்களோடு அந்த நாயும் செல்கிறது. கதையிலே அது மீன் பிடிக்கவில்லை, பேயை ஓட்டவில்லை, எந்த அற்புதத்திலும் அதற்குப் பங்கில்லை. எல்லாம் இனிதே முடிந்து அவர்கள் வீடு திரும்பும்போது, அது பின்னால் வருகிறது. உடன் சென்றது, உடன் வந்தது என்பதைத் தவிர அதனைப் பற்றிச் சொல்ல வேறொன்றுமில்லை. அந்த உடனிருப்பையும் ஏட்டில் எழுதத் தகுந்ததாக அந்நூல் கருதியிருக்கிறது.

சாமுவேல் இரண்டாம் நூலிலே, தாவீது அரசனின் பாவத்தை உணர்த்த வந்த இறைவாக்கினர் நாத்தான் ஓர் உவமை கூறுகிறார். ஏழையொருவனிடம் இருந்தது ஒரேயொரு பெண் ஆட்டுக்குட்டி. அவனது உணவை உண்டு, அவனது மடியில் உறங்கி, அவனுக்கு ஒரு மகளைப் போலவே அது வளர்ந்தது. செல்வன் ஒருவன் அதனைப் பறித்துத் தன் விருந்தாளிக்குச் சமைத்தான். இதைக் கேட்ட தாவீது, "ஆடுதானே, இதிலென்ன?" என்று கேட்கவில்லை. கடுஞ்சினம் கொண்டு, அச்செல்வன் சாகவேண்டியவன் என்றான். ஏழைக்கும் அக்குட்டிக்கும் இடையே இருந்த பாசம் உண்மையானது என்று கேட்ட மாத்திரத்தே அவன் உணர்ந்தமையாலன்றோ நாத்தானின் சொல் அவன் நெஞ்சிலே தைத்தது! நம் ஆண்டவரும், மலிவாக விற்கப்படும் சிட்டுக்குருவிகளுள் ஒன்றையேனும் கடவுள் மறப்பதில்லை என்று போதித்தார். கடவுள் மறவாத ஓர் உயிரை நாம் நினைந்து அழுவது எவ்வாறு குற்றமாகும்?

திருச்சபையின் போதனையும் இவ்விடயத்திலே தெளிவானது. 1992இல் வெளியிடப்பட்ட கத்தோலிக்க திருச்சபையின் மறைக்கல்வி, 2415 முதல் 2418 வரையான எண்களில், விலங்குகள் கடவுளின் படைப்புகள் என்றும் நாம் அவற்றுக்குப் பரிவு காட்டக் கடன்பட்டவர்கள் என்றும் கூறி, அசிசி நகர்ப் புனித பிரான்சிசையும் புனித பிலிப்பு நேரியையும் எடுத்துக்காட்டுகிறது. தேவையின்றி அவற்றை வதைப்பதும் கொல்வதும் மனித மாண்புக்கு முரணானது என்கிறது. அதேவேளை, வறியோரின் துயர் தீர்க்க முதலிற் செலவிட வேண்டிய பணத்தை விலங்குகளுக்காகச் செலவிடுவதும் தகாது. விலங்குகளை நேசிக்கலாம், ஆனால் மனிதருக்கே உரிய அன்பை அவற்றுக்கு வழங்கலாகாது என்றும் எச்சரிக்கிறது. அன்பை மறுக்காமலும் அளவை மீறாமலும் செல்லும் வழி இது.

"எங்கள் நாய் மோட்சத்திற்குப் போகுமா?" என்று பிள்ளை கேட்டால் என் செய்வது? 2014ஆம் ஆண்டின் இறுதியில், நாயை இழந்த சிறுவன் ஒருவனுக்குத் திருத்தந்தை பிரான்சிஸ், விண்ணகத்தில் அதைக் காண்பாய் என்று ஆறுதல் கூறியதாக உலகப் பத்திரிகைகள் எழுதின. அவர் அவ்வாறு கூறவில்லை என்பது பின்னர் தெரியவந்து திருத்தங்களும் வெளியாயின. புனித தோமா அக்குவினாசின் வழிவந்த இறையியல், விலங்கின் உயிர் அதன் உடலோடு முடிகிறது என்றே கொள்கிறது. ஆயினும் அதே திருத்தந்தை 2015இல் எழுதிய 'இறைவா உமக்கே புகழ்' என்னும் திருமடலின் முடிவிலே, நிறைவாழ்வில் படைப்புகள் யாவும் ஒளிமயமாக மாற்றம்பெற்றுத் தத்தம் இடத்தைப் பெறும் என்ற நம்பிக்கையை வெளியிட்டார். படைப்பு அனைத்தும் விடுதலைக்காக ஏங்குகிறது என்று புனித பவுலும் உரோமையருக்கு எழுதினார். ஆகவே பிள்ளைக்கு உறுதியாகச் சொல்லக்கூடியது ஒன்றுண்டு: "அதைப் படைத்தவர் கடவுள், அவர் அதை மறக்கமாட்டார், அதை அவரிடமே விட்டுவிடுவோம்." இதற்குக் கூடச் சொல்வதும் குறையச் சொல்வதும் நமக்குரியதன்று.

பெற்றோருக்குச் சில சொற்கள். நாய் இறந்ததைப் பிள்ளையிடம் மறைத்து, "எங்கோ ஓடிவிட்டது" என்று பொய் சொல்லாதீர்கள். பிள்ளை நாள்தோறும் படலையைப் பார்த்திருக்கும். அழுகையைத் தடுக்காதீர்கள். மறுநாளே புதுக்குட்டி ஒன்றைக் கொண்டுவந்து, ஓர் உயிருக்கு ஈடாக இன்னோர் உயிரைக் காட்டாதீர்கள். கிணற்றுக்கு அண்மையிற் புதைத்தல் கூடாது. சுண்ணக்கல் நிலமாகிய நம் குடாநாட்டிலே நிலத்தில் விழும் கழிவு எளிதில் நன்னீரைச் சென்று சேரும். வளவின் ஒதுக்குப்புறத்தில் ஆழக் குழிதோண்டி, பிள்ளைகளையும் உடன் நிறுத்திப் புதையுங்கள். அடக்கச் சடங்கும் இறந்தோர் திருப்பலியும் மனிதருக்கே உரியவை; அவற்றைக் கேட்க வேண்டியதில்லை. ஆனால் இந்த உயிரை நமக்குத் தந்தமைக்காக நன்றி கூறி, குடும்பமாக ஒரு செபம் சொல்வதற்குத் தடையேதுமில்லை. மரணத்தை முதன்முதலாக நேரிற் காணும் பல பிள்ளைகள் அதை ஒரு நாயின் சாவிலேயே காண்கிறார்கள். அன்று அவர்கள் கற்றுக்கொள்வது, நாளை பாட்டனையோ பாட்டியையோ இழக்கும்போது அவர்களுக்குத் துணையாகும்.

இன்னுமொன்று. இறந்த நாய்க்காக அழும் நாம், உயிரோடிருப்பவற்றை எவ்வாறு நடத்துகிறோம்? பெண்குட்டிகள் என்பதற்காகச் சாக்கிலே கட்டிச் சந்தை வாசலிலும் கோவில் மதிலடியிலும் விட்டுச் செல்வது நம்மிடையே நடக்காததன்று. ஆண்டுதோறும் விசர்நோய்த் தடுப்பூசி போடுவித்தல், குட்டி ஈனாதிருக்கச் சத்திரசிகிச்சை செய்வித்தல், முதுமையுற்று நோயுற்ற நாயைத் தெருவிலே விடாதிருத்தல் ஆகியவை உணர்ச்சியால் வரும் அன்பிலும் உறுதியானவை. இறந்ததற்காகச் சிந்தும் கண்ணீர், இருப்பதற்காகச் செய்யும் கடமையிலேயே மெய்ப்பிக்கப்படுகிறது.

எனவே, அயல்வீட்டிலே நாயொன்று இறந்ததென்று கேள்விப்பட்டால், நகைக்காமல் ஒருமுறை சென்று வாருங்கள். குறிப்பாக அவ்வீட்டில் இருப்பவர் தனித்த முதியவராயின், ஒரு தேநீர் வேளையேனும் அவரோடு அமர்ந்திருங்கள். 1995இன் அந்த இரவிலே விட்டுவந்த நாயைப்பற்றியும் அவர் அன்று உங்களுக்குச் சொல்லக்கூடும். கேளுங்கள்.

செபம்: உயிர்கள் யாவற்றையும் படைத்துக் காக்கும் தந்தையே, எங்களோடு வாழ்ந்து எங்களைக் காத்த வாயில்லா உயிர்களுக்காக உமக்கு நன்றி கூறுகிறோம். இழந்து வருந்துவோரைத் தேற்றியருளும். உம் படைப்புகளைப் பரிவோடு பேணும் மனத்தை எங்கள் பிள்ளைகளுக்குத் தந்தருளும். ஆமென்.